துரூவே என்னும் பெயரும் அதன் ஊமை எழுத்தும்

எங்கள் குலத்தின் உறவினர் திருநாளுக்குத் தலைமையேற்று, தொண்ணூற்று நான்கு வயதிலும் தளராமல் தலைநிமிர்ந்து அமர்ந்திருக்கும் என் அத்தை ஒர்த்தான்ஸ் அம்மையார் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் மண்டபத்தைத் திறந்துவிட்டு முன்வரிசையில் வீற்றிருக்கும் எங்கள் ஊர் மேயர் மதாம் புவாவேன் அவர்களே, மூன்று மாதமாக மேசைக்கும் நாற்காலிக்கும் அலைந்து எங்களையும் அலையவிட்ட விழாக் குழுத் தலைவர், என் சித்தப்பா மகன் ரோஜே அவர்களே, இந்தப் பெயரைப் பெற்றும் வளர்த்தும் பேணிய தாய்மார்களே, சிவப்பு நாடா, பச்சை நாடா, மஞ்சள் நாடா என மூன்று கிளைகளாய்ப் பிரிந்து இன்று ஒரே கூரையின் கீழ்க் கூடியிருக்கும் அண்ணன்மார்களே, தம்பிமார்களே, அக்காள் தங்கையரே, மேசைக்கு அடியில் ஒளிந்து விளையாடும் குழந்தைகளே, உங்கள் அனைவருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரன் லுசியன் துரூவேயின் பணிவான வணக்கம்.

எல்லோரையும் விளித்துவிட்டேனா? இல்லை. ஒருவரை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை, தெரிந்தேதான் விட்டேன். இந்த அவையில் இருக்கும் ஒருவரை என்ன உறவு சொல்லி அழைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அழைக்கும் உரிமைதான் இன்னும் வரவில்லை. நான் செய்த ஒரு காரியத்தை உங்கள் முன்னால் சொல்லி முடித்த பிறகே அந்த விளியைச் சொல்லப் போகிறேன்.

என்ன ரோஜே, கையைக் காட்டுகிறாய்? "பதினஞ்சு நிமிஷம்தான் லுசியன், வெளிய ரியெத் பானைய திறந்து வெச்சாச்சு, குளவி மொய்க்குது" என்கிறாய். மொய்க்கட்டும். ரியெத் பன்றிக்கறி காத்திருக்கும், ரொட்டி காத்திருக்கும், ஆப்பிள் மது அதைவிட அழகாகக் காத்திருக்கும். காத்திருப்பதைப் பற்றித்தான் நானும் பேசப் போகிறேன்.

அன்பர்களே, ஒவ்வோர் ஆண்டும் இந்த மேடையில் எனக்குக் கொடுக்கப்படும் தலைப்பு ஒன்றே. நம் பெயரின் பிறப்பு, நம் பெயரின் பொருள், நம் பெயரின் பரவல். எட்டு ஆண்டுகள் சொன்னேன். எட்டு முறையும் சிரித்தீர்கள், கைதட்டினீர்கள், சாப்பிடப் போனீர்கள். இன்றைக்கும் அதே தலைப்புதான். ஆனால் எட்டு ஆண்டுகளாக நான் சொல்லாமல் விழுங்கிய பாதியை இன்று சொல்கிறேன்.

துரூவே என்றால் என்ன? இந்த நாட்டில் கொல்லன் என்று பெயர் உண்டு, ரொட்டி சுடுகிறவன் என்று பெயர் உண்டு, கொத்தன் என்று உண்டு, நெட்டையன் என்று உண்டு, செம்பட்டைத் தலையன் என்றும் உண்டு. அந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவன் என்ன செய்தான், எப்படி இருந்தான் என்று சொல்கின்றன. நம் பெயர் என்ன சொல்கிறது? கண்டெடுக்கப்பட்டவன் என்கிறது. நாம் செய்ததைச் சொல்லவில்லை, நமக்குச் செய்யப்பட்டதைச் சொல்கிறது. கண்டெடுத்தவன் ஒருவன் இருந்தால், விட்டுச் சென்றவள் ஒருத்தி இருந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த ஒருத்தியைப் பற்றி நம் பெயரில் ஓர் எழுத்தும் கிடையாது.

ஆயிரத்து எண்ணூற்று முப்பத்திரண்டு, பிப்ரவரி மாதம், விடியற்காலை. நம் ஊர்த் தானியச் சந்தைக்குப் பின்னால் கன்னியாஸ்திரீகளின் காப்பகம். அதன் சுவரில் ஒரு சுழல்பெட்டி. வெளியிலிருந்து குழந்தையை வைத்து, பெட்டியைத் திருப்பி, மணியை இழுத்துவிட்டால் போதும். உள்ளே இருப்பவள் முகத்தை வெளியே இருப்பவள் பார்க்க வேண்டாம். வெளியே இருப்பவள் முகத்தை உள்ளே இருப்பவள் பார்க்கவும் கூடாது. அன்று மணி அடித்தது. பெட்டிக்குள் மூன்று நாள் பெண் குழந்தை. மார்பில் குத்தியிருந்தது பாதியாகக் கிழித்த விளையாட்டுச் சீட்டு ஒன்று, ஹார்ட்டின் ராணி.

ஏன் பாதிச் சீட்டு? படிப்பறியாத தாய்க்கு அதுதான் கையெழுத்து. மறுபாதி அவள் கையில் இருக்கும். காலம் மாறி, கையில் கொஞ்சம் காசு சேர்ந்து, ஒருநாள் அவள் திரும்பி வந்தால், இந்தப் பாதியோடு அந்தப் பாதியைச் சேர்த்துப் பார்த்துப் பிள்ளையைக் கொடுப்பார்கள். அந்தப் பாதிச் சீட்டு இன்றும் ஏட்டில் குத்தியபடியே இருக்கிறது. மறுபாதி வரவில்லை. நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் வரவில்லை.

அன்றைய எழுத்தர் ஏட்டில் என்ன எழுதினார் தெரியுமா? "ரொசாலி, கண்டெடுக்கப்பட்டவள்" என்று எழுதினார். அது பெயரல்ல அன்பர்களே, செய்தி. நம் மொழியில் ஆணைக் கண்டெடுத்தால் துரூவே. பெண்ணைக் கண்டெடுத்தாலும் துரூவேதான், ஆனால் எழுதும்போது கடைசியில் இன்னோர் எழுத்து கூடும். அதற்கு ஓசை கிடையாது. காதுக்குக் கேட்காது, கண்ணுக்கு மட்டுமே தெரியும். ஊமை எழுத்து என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களே, அதுதான். அந்த ஊமை எழுத்தோடு சேர்ந்து அந்தச் செய்தியே அவளுக்குப் பெயராய் ஒட்டிக்கொண்டது.

ரொசாலி வளர்ந்தாள். பண்ணை ஒன்றில் பால் கறந்தாள். இருபது வயதில், மணமாகாமல், ஒரு மகனைப் பெற்றாள். ஊர் சும்மா இருந்திருக்குமா? அந்தச் சுழல்பெட்டி அப்போதும் அதே சுவரில் அதே இடத்தில் இருந்தது. அவளோ பெட்டியின் பக்கமே போகவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக ஊராட்சி மன்றத்துக்குப் போனாள். தகப்பன் பெயர் என்ன என்று கேட்டார் எழுத்தர். "என் பேரையே எழுதுங்க" என்றாள். எழுதினார். ஆண்பிள்ளைக்குப் பெண்பால் எழுத்து எதற்கு என்று கடைசி எழுத்தைக் கத்தரித்துவிட்டு எழுதினார். அங்கே பிறந்ததுதான் நம் பெயர். இந்த மண்டபத்தில் இருக்கும் நூற்று முப்பத்தாறு பேரும் அந்த ஒரு மகன் வழி வந்தவர்கள். பிள்ளையை விடமாட்டேன் என்று நின்ற ஒரு பெண்ணின் மானத்தில் முளைத்த குலம் இது.

பரவலைப் பற்றிக் கேட்பீர்கள். ரோஜே ஆண்டுதோறும் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி, சார்த் நதிக்கரையில் இத்தனை பேர், நார்மண்டிப் பக்கம் இத்தனை பேர், தூர் நகரில் இத்தனை பேர் என்று நெஞ்சை நிமிர்த்திப் படிப்பான். நானும் கைதட்டியவன்தான். இன்று கேட்கிறேன், அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? மற்றவர்கள் பெயர் பரவினால் பிள்ளைகள் பெருகினார்கள் என்று பொருள். நம் பெயர் பரவினால் என்ன பொருள்? அந்த ஊரிலும் ஒரு குழந்தை ஆலயப்படியில் கிடந்தது என்று பொருள். இந்த ஊரிலும் ஒருத்தி கையை உதறிவிட்டு ஓடினாள் என்று பொருள். துரூவே எல்லோரும் உறவல்ல. பெயர் ஒன்று, இரத்தம் நூறு. ஒவ்வொரு துரூவேக்குப் பின்னாலும் பெயரில்லாத ஒரு தாய் நிற்கிறாள்.

சரி. இதுவரை சொன்னது நீங்கள் அறிந்த பாதி. இனி மறுபாதி.

என் அக்காள் சொலாஞ்ச் துரூவேயை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பச்சை நாடாக் கிளை. பாலத்துக்கு அருகில் நீலக் கதவு வீடு, நாங்கள் பிறந்து வளர்ந்த வீடு. ஆறு ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்தோம். தையல்காரி, வாயாடி, மாதா கோவில் பாடகர் குழுவில் முன்வரிசைக் குரல். ரொசாலியின் கதையை இந்த ஊரில் அவளைப்போலச் சொல்ல ஆளில்லை. சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். "நம்ம பேர்லேர்ந்து ஒரு பொண்ண வெட்டி எடுத்துட்டானுங்கடா லுசியன். ஒத்த எழுத்துதான். அதான் யாருக்கும் வலிக்கல."

அவளுக்கு இருபது வயது, எனக்குப் பதினேழு. அந்த ஆண்டு கோடையில் அவள் உடுப்பு இடுப்பில் இறுகியது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஊர் மட்டும் கேட்டது. ஒருநாள் காலையில் எங்கள் வீட்டுத் தபால்பெட்டியைப் பார்க்கிறேன். துரூவே என்று தகப்பனார் வர்ணத்தில் எழுதிய பெயருக்குப் பின்னால், சுண்ணக்கட்டியில், பெரிதாக, அந்த ஊமை எழுத்து. புரிகிறதா அன்பர்களே? கண்டெடுக்கப்பட்டவள். தெருவில் பொறுக்கியெடுத்தவள். வாய் திறந்து ஒரு சொல் சொல்லாமல் ஒரு குடும்பத்தைக் கொன்றுவிடலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன். சட்டைக் கையால் துடைத்தேன். மறுநாள் மறுபடி இருந்தது. மறுபடி துடைத்தேன். கசாப்புக் கடைக்காரர் மகன் அல்ஃபோன்ஸ்தான் என்று தெரிந்ததும் சந்தையில் வைத்து அவன் பல்லைப் பெயர்த்தேன்.

அக்கா சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏண்டா தொடைக்கிற? அது நம்ம எழுத்துதாண்டா. ரொசாலியோட எழுத்து" என்றாள்.

"உனக்கு வெக்கமா இல்லையாக்கா?"

"அவளுக்கு இல்லாத வெக்கம் எனக்கு எதுக்கு? நானும் அவள மாதிரி வெச்சுக்கப் போறேன்."

வைத்துக்கொள்ள விட்டோமா? தகப்பனார் மேசையில் கை வைத்துச் சொன்னார், "நம்ம பேரு கெட்டுப்போயிடும்." எந்தப் பெயர் அன்பர்களே? எந்தப் பெயர் கெட்டுப்போகும்? அநாதைப் பெட்டியில் பிறந்த பெயரா? மணமாகாத ஒரு தாய் தன் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த பெயரா? ரொசாலி கதையை விருந்துக்கு விருந்து சொல்லிச் சிரித்த குடும்பத்துக்கு, வீட்டுக்குள்ளேயே ஒரு ரொசாலி வந்தபோது கதவைச் சாத்தத்தான் தெரிந்தது. அம்மா அழுதாள், தகப்பனாரை எதிர்த்துப் பேசவில்லை. அத்தைமார்கள் தலையாட்டினார்கள். நான் பல்லைப் பெயர்க்கத் தெரிந்தவன், வாயைத் திறக்கத் தெரியாதவன்.

ஆமாம் அத்தை, தலையைக் குனிய வேண்டாம். நீங்கள் ஒருவர்தான் அன்று, "அந்தப் பொண்ணு பாட்டுக்கு இருக்கட்டுமே" என்று சொன்னவர். எனக்கு நினைவிருக்கிறது.

லெ மான் நகரத்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தாய் தன் பெயரைச் சொல்லாமலே பிள்ளை பெற்றுக் கொடுத்துவிட்டுத் திரும்பிவர நம் சட்டத்தில் வழி உண்டு. தாயின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். சுவரில் இருந்த சுழல்பெட்டியைத்தான் இடித்துவிட்டார்களே, இது காகிதத்தில் கட்டிய சுழல்பெட்டி. நவம்பரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. டிசம்பரில் அக்கா திரும்பி வந்தாள். தையல் படிக்கப் போயிருந்தாள் என்று நாங்கள் சொன்னோம். ஊரும் நம்பியதுபோல் நடித்தது. வீட்டில் அதற்குப் பிறகு ஒரு சொல் கிடையாது. தகப்பனார் சாகும்வரை கிடையாது, அம்மா சாகும்வரை கிடையாது, நானும் கேட்டதில்லை.

எனக்கு இருபத்திரண்டு வயதில் தபால் வேலை கிடைத்தது. சொந்த ஊரிலேயே சைக்கிள், பிறகு மஞ்சள் வண்டி. முப்பத்தெட்டு ஆண்டுகள். காலை பத்தேகாலுக்குப் பாலத்தைத் தாண்டுவேன். நீலக் கதவுக்கு வெளியே அக்கா நிற்பாள். மழையா, நிற்பாள். பனியா, நிற்பாள்.

"எனக்கு ஏதாவது இருக்காடா?"

"இருக்குக்கா. சூப்பர்மார்க்கெட் விளம்பரம். பன்னித் தொடை மலிவாம்."

"அத நீயே தின்னு. சரி போ, நாளைக்குப் பாக்கலாம்."

தினமும் இதே பேச்சு. ஒரு நாள் இரு நாள் அல்ல, முப்பத்தெட்டு ஆண்டு. யாரோ ஓர் ஆண்பிள்ளை எழுதுவதாகச் சொல்லி ஏமாற்றியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கேலியும் செய்தேன். "யாருக்கா அந்த மகராசன், எழுதத் தெரியாதவனா?" என்பேன். "அதுக்கு எழுத்துக் கத்துக்க நாளாகும்டா" என்பாள். அது என்றாளே தவிர அவன் என்று சொன்னதில்லை. அந்த வித்தியாசம் இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. வீட்டுக் கூரை ஒழுகியது, அடுக்குமாடிக் குடியிருப்பில் நல்ல வீடு ஒன்று தருகிறோம் என்று மன்றத்திலிருந்து கூப்பிட்டார்கள். மேயர் அம்மா, உங்களுக்கு நினைவிருக்கும். "இந்த முகவரிய விட்டு நகர மாட்டேன்" என்று பிடிவாதம் பிடித்தாள். கிழட்டுப் பிடிவாதம் என்றோம். வாளி வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள்.

இரண்டாயிரத்து ஆறு, அக்டோபர் மாதம். ஒரு கடிதம் வந்தது.

வெண்ணெய் நிற உறை. நீல மை. லெ மான் முத்திரை. பின்பக்கம் அனுப்பியவர் தெருவும் எண்ணும் மட்டும், பெயர் இல்லை. முன்பக்கம் மதாம் சொலாஞ்ச் துரூவே. கடைசியில், சுத்தமாக, அழகாக, அந்த ஊமை எழுத்து.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீங்கள் சொல்லுங்கள். பாலத்தைத் தாண்டி நீலக் கதவில் கொடுத்திருக்க வேண்டும். முகவரி சரி, வீட்டு எண் சரி, ஊர் சரி. ஓர் எழுத்துதான் கூடுதல். வேறு எவன் பெயரில் நான்கு எழுத்துப் பிழையிருந்தாலும் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். அதைத் தபால்காரனின் பெருமை என்று சொல்லிக்கொண்டவன் நான். ஆனால் அந்த ஓர் எழுத்தைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் பதினேழு வயது. சுண்ணக்கட்டி. தபால்பெட்டி. அல்ஃபோன்ஸின் இளிப்பு. நாற்பது ஆண்டு கழித்தும் ஒருவன் மெனக்கெட்டு உறை வாங்கி, தபால்தலை ஒட்டி, என் அக்காளைக் குத்திக்காட்டுகிறானே என்று இரத்தம் கொதித்தது. இந்த உறையை அவள் கண்ணில் காட்டவே கூடாது என்று முடிவு செய்தேன். உறைமேல் ஒட்டும் சீட்டை எடுத்தேன். இந்த முகவரியில் இவர் இல்லை என்ற கட்டத்தில் பேனாவால் ஒரு குறி போட்டேன். என்ன குறி தெரியுமா? ஒரு பெருக்கல் குறி.

அதைப் பைக்குள் போட்டுக்கொண்டே பாலத்தைத் தாண்டினேன். அக்கா நின்றாள்.

"எனக்கு ஏதாவது இருக்காடா?"

"ஒண்ணும் இல்லக்கா."

"சரி போ, நாளைக்குப் பாக்கலாம்."

அவளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து அன்று விசிலடித்துக்கொண்டே வீடு திரும்பினேன் அன்பர்களே. இதைச் சொல்லும்போது எனக்குக் கூசுகிறது.

இரண்டு ஆண்டில் நான் ஓய்வுபெற்றேன். எனக்குப் பின் வந்த பெண்ணிடமும் அவள் அதையே கேட்டிருக்கிறாள். பத்து ஆண்டு கேட்டாள். கடைசி வாரம் மருத்துவமனையில் பேச்சு தடுமாறியபோதும் தாதியிடம், "தபால் வந்துச்சா?" என்றாள். இன்னும் தபால்காரன் நினைப்பாகவே இருக்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து நான் சிரித்தேன். அவள் போய்விட்டாள்.

ரோஜே, கடிகாரத்தைப் பார்க்காதே. நீயும் ஒரு நிமிடம் உட்கார்.

இந்த ஆண்டு மார்ச் மாதம். உறவினர் திருநாள் அறிவிப்பை என் முகவரியோடு பத்திரிகையில் போட்டிருந்தோம். அதைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் ஒரு பெண்மணி நின்றார். ஐம்பத்தெட்டு வயது. நரைத்த முடி. அக்காளின் தாடை. அக்காளின் தாடையை எழுபது ஆண்டு பார்த்தவனுக்கு வேறு சான்று எதற்கு? உள்ளே அழைத்து உட்காரவைத்தேன். அவர் இரண்டு காகிதங்களை மேசைமேல் வைத்தார்.

முதல் காகிதம், மருத்துவமனையில் பிள்ளையை விட்டுவரும் தாய் மூடி முத்திரையிட்டு வைத்துவிட்டு வரக்கூடிய உறையிலிருந்து எடுத்தது. நாற்பது வயது தாண்டித்தான் அதைத் திறந்து பார்க்கும் துணிவு வந்ததாம். அக்காளின் கையெழுத்து. எனக்கு அது மனப்பாடம், சொல்கிறேன் கேளுங்கள். "உன் பேரு ரெஜீன். நான் வெச்ச பேரு, மாத்தாம இருந்தா சந்தோஷம். நான் உன்ன விடல, விட வெச்சாங்க. கீழ எழுதியிருக்கிற முகவரியிலதான் சாகுற வரைக்கும் இருப்பேன். எனக்கு எழுதும்போது என் பேருக்குக் கடைசியில அந்தச் சத்தம் வராத எழுத்தச் சேத்து எழுது. வேற யாரும் அப்பிடி எழுத மாட்டாங்க. உறையப் பாத்ததுமே நீதான்னு தெரிஞ்சுக்குவேன்."

கேட்டீர்களா? ரொசாலிக்குப் பாதிச் சீட்டு. ரெஜீனுக்கு ஓர் ஊமை எழுத்து. நூற்றுத் தொண்ணூறு ஆண்டு இந்தக் குலம் காத்திருந்த மறுபாதி, என் அக்காள் முப்பத்தாறு ஆண்டு மழையிலும் பனியிலும் நின்று காத்திருந்த மறுபாதி, என் கைக்கு வந்து சேர்ந்தது. அந்த எழுத்து இருந்ததாலேயே நான் அதைத் திருப்பி அனுப்பினேன்.

இரண்டாவது காகிதம் அந்த உறை. வெண்ணெய் நிறம், நீல மை, நான் ஒட்டிய சீட்டு, நான் போட்ட குறி. அந்தப் பெண்மணி அந்தக் குறியின்மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"அம்மாவே வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்களா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

ஆமாம். அப்படித்தான் சொன்னேன். காப்பி ஊற்றிக்கொடுத்தேன், மேசைமேல் சிந்தினேன், வயதாகிவிட்டது என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. வீடு கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்று, "அவங்க குரல் எப்பிடி இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். பாடகர் குழுவில் முன்வரிசைக் குரல் என்றுகூடச் சொல்லாமல் கதவைச் சாத்தினேன். நாற்பது கிலோமீட்டர் தூரம் அன்பர்களே. மஞ்சள் வண்டியில் முக்கால் மணி நேரம். தாயும் மகளும் பன்னிரண்டு ஆண்டு அந்தத் தூரத்தில் இருந்தார்கள். நடுவில் நான் ஒருவன் இருந்தேன்.

தனியாகப் போய் அவர் காலடியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு முறை லெ மான் வரை போனேன். இரண்டு முறையும் தெருமுனையிலிருந்து திரும்பினேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது. ஆனால் இன்னொன்றும் தோன்றியது. ஊரறிய மூடிய கதவை ஒளிந்து திறக்கக்கூடாது. ஒரு குடும்பமே சேர்ந்து விழுங்கிய சொல்லைக் குடும்பத்தின் முன்னாலேயே கக்க வேண்டும். இதை எல்லோர் முன்னும் கேட்கவைத்ததற்கும் சேர்த்து அவர் என்னை மன்னிக்க வேண்டாம், கேட்டுக்கொண்டாலே போதும்.

அந்தச் சுவரைப் பாருங்கள். ஒன்பது மீட்டர்க் காகிதத்தில் நம் குலமரம். வரைந்தவன் நான்தான். பச்சைக் கிளையில், சொலாஞ்ச் என்ற பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது? சந்ததி இல்லை. மார்ச்சுக்குப் பிறகு எழுதியது அது. தெரிந்தே எழுதினேன். இன்று காலை ரோஜேயிடம் திருத்த வேண்டும் என்றேன். "அச்சடிச்சாச்சு, இனிமே ஒரு புள்ளி மாத்த முடியாது" என்றான். எதைத் திருத்த என்று அவனுக்குத் தெரியாது, அவன்மேல் பிழையில்லை. இப்போது தெரிந்துவிட்டது. சொல் ரோஜே, மாற்ற முடியுமா முடியாதா?

தலையாட்டுகிறான். கண்ணையும் துடைக்கிறான். நன்றியடா தம்பி.

இனி விட்டுப்போன விளிக்கு வருகிறேன். இன்று காலை வாசல் மேசையில், எந்தக் கிளை என்று கேட்டபோது, தெரியாது என்று சொல்லி, விருந்தாளிகளுக்கான வெள்ளை நாடாவை வாங்கிக்கொண்டு, கடைசி வரிசையில், கதவோரத்தில், எந்த நேரமும் எழுந்துபோகத் தோதாகக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் அமர்ந்திருக்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள், அவரை விட்டுவிடுங்கள். நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா, அந்தக் குறி உன் தாய் போட்டதல்ல. நான் போட்டது. அவள் அந்த உறையைப் பார்க்கவே இல்லை. அவள் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒருநாளும் சொல்லவில்லை. பத்தேகாலுக்கு வாசலில் நின்றாள். கூரை ஒழுகியும் நகரவில்லை. சாகிற வாரமும் தபால் வந்ததா என்று கேட்டாள். நீ கேட்டாயே, அவள் குரல் எப்படி இருக்கும் என்று. இங்கிருக்கும் நூற்று முப்பத்தாறு பேரும் அந்தக் குரலைக் கேட்டவர்கள். ஒவ்வொருவரும் உனக்கு ஆளுக்கு ஒரு வார்த்தை கடன்பட்டிருக்கிறோம். எனக்குத் தெரிந்த வார்த்தையை நான் இப்போதே சொல்லிவிடுகிறேன். தினமும் என்னிடம் சொல்வாளே, "நாளைக்குப் பாக்கலாம்", அது என்னிடம் சொன்னதல்ல. உன்னிடம் சொன்னது.

பேனா என் சட்டைப்பையில் இருக்கிறது. ஆனால் குறி போட்ட இந்தக் கை அந்தச் சுவரில் எழுதக்கூடாது. நீயே வந்து எழுது. சந்ததி இல்லை என்பதை அடித்துவிட்டு, உன் பெயரை எழுது. உன் தாய் பெயருக்குக் கடைசியில், நாங்கள் வெட்டிய அந்த ஊமை எழுத்தையும் சேர்த்து எழுது.

பொறுத்துக் கேட்ட அவைக்கு நன்றி. ஆறிப்போன சாப்பாட்டுக்கு மன்னிப்பு. எல்லோருக்கும் முதலில் சொல்லியிருக்க வேண்டிய வணக்கத்தைக் கடைசியில் சொல்லி இறங்குகிறேன்.

கண்டெடுக்கப்பட்ட எங்கள் குலத்தில் நாங்கள் தொலைத்த பிள்ளையே, என் அக்காள் மகளே ரெஜீன், உனக்கு என் வணக்கம்.